வினாத்தாளில் இல்லாத முக்காலி

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மானச கங்கோத்திரியில் மேலாண்மை பயிலும் நண்பர் ஒருவர் எங்கள் வீடு தேடி வந்தார். நம் சங்கத்துக் கூட்டங்களில் முதல் வரிசையில் அமர்ந்து, பேச்சாளர் முடிப்பதற்கு முன்பே கை தட்டுபவர் அவர். யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கையில் ஒரு கட்டு வினாத்தாள் வைத்திருந்தார். ‘விற்பனையாளரின் ஊக்கம், மன அழுத்தம், பணி நிறைவு’ என்பது அவர் எழுதும் ஆய்வேட்டின் தலைப்பு. என் தந்தையாரோ இந்த ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாகத் துணிக்கடை விற்பனையாளர். அன்று அவருக்கு வார விடுமுறை. ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் சத்தியமங்கலத்துப் பக்கம். நான் நான்கு வயதுக் குழந்தையாய் இருந்தபோது திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராசநகர் வழியாக மைசூர் வந்து சேர்ந்தோம். வந்த மூன்றாம் நாளே அப்பா கடையில் நின்றார். ‘நின்றார்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

நண்பரின் வினாத்தாளில் நாற்பத்திரண்டு கூற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்பதில் தொடங்கி, ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பதில் முடியும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதற் பக்கத்தைப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது எங்கெங்கே போகுமுங்க தம்பி?”

“பல்கலைக் கழகத்துக்கு மட்டுந்தாங்க அப்பா. பெயர்கூட எழுத வேண்டாம்.”

அப்பா தலையசைத்தார். பேனாவை வாங்கி, நாற்பத்திரண்டுக்கும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்ற முதற் கட்டத்திலேயே வரிசையாக அடையாளம் இட்டுக் கொடுத்துவிட்டார். நண்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே தாளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் வாடியது. ஏனெனில் பதினோராம் கூற்று, ‘என் பணி எனக்கு மன அமைதி தருகிறது’ என்பது. முப்பத்தைந்தாம் கூற்று, ‘என் பணி என் மன அமைதியைக் கெடுக்கிறது’ என்பது. இரண்டுக்கும் அப்பா முற்றிலும் உடன்பட்டிருந்தார்!

நண்பர் போன பின்பு, ஒவ்வோர் இரவும் செய்வதை அப்பா அன்றும் செய்தார். கூடத்துச் சுவரோரம் பாயை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரின்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, குதிகால்களின் தடம் இரண்டு, நிழல் விழுந்தாற் போலப் படிந்திருக்கிறது. விடுமுறை நாளிலுமா என்று கேட்டேன். “பழகிப் போச்சு கண்ணு” என்றார்.

நண்பர்களே, நான் மேலாண்மை பயின்றவள் அல்லள், விலங்கியல் மாணவி. ஆயினும் அந்த வினாத்தாளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை. விற்பனையாளரின் ஊக்கத்தை ஆராய்கிறவர்கள் அதை உள்ளத்தில் தேடுகிறார்கள். உள்ளம் இருக்கட்டும், முதலில் கணுக்காலைப் பாருங்கள் என்கிறேன் நான். நாற்பத்திரண்டு கூற்றுகளில் முதலாளியின் நோக்கு இருந்தது, சக ஊழியரின் ஒத்துழைப்பு இருந்தது, எதிர்கால வளர்ச்சி இருந்தது, பரிசுத் தொகை இருந்தது. ‘உட்கார ஓர் இடம் இருக்கிறதா?’ என்ற கேள்வி மட்டும் இல்லை.

இதயம் குருதியைக் காலுக்கு அனுப்புவது எளிது. காலிலிருந்து மேலே கொண்டு வருவதுதான் அரிது. புவியீர்ப்பு எதிரே நிற்கிறது. இதற்கென இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்காற் சதைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன. பிழியப்பட்ட குருதி மேலேறுகிறது. ஏறியது இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அதனால்தான் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வதுண்டு. ஆனால் அந்த இதயம் நடந்தால்தான் துடிக்கும். அசையாமல் நிற்கும் மனிதரின் கணுக்காலில் சிரைகளின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். அவரே நடக்கத் தொடங்கினால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். உட்கார்ந்தாலும் நின்றபோது இருந்ததைவிடக் குறையும். நாள்தோறும் பத்து மணி நேரம், இரண்டு கெச நீளக் கவுண்டருக்குப் பின்னால், நடக்கவும் இடமின்றி உட்காரவும் உரிமையின்றி நிற்பவரின் வால்வுகள் ஒருநாள் களைத்துப் போகின்றன. சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. மருத்துவ நூல் இதைச் சுருள் சிரை நோய் என்கிறது. கடைவீதியில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்பார்கள். பாடப் புத்தகத்தில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுக்கவில்லை. அந்தக் காலை எனக்கு முன்பே தெரியும்.

சென்ற தையில் அப்பாவின் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்துப் புண்ணாயிற்று. இன்னும் ஆறவில்லை. நிற்பதைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். கடையில் ஒரு முக்காலி கேட்டால் என்ன என்று நான் சொன்னேன். அப்பா சிரித்தார். “முக்காலி கேட்டா, வயசாயிப் போச்சு, வூட்டுல போயி உக்காந்துக்கன்னு சொல்லிப்போடுவாங்க கண்ணு.” நாற்பத்திரண்டு கட்டங்களிலும் அவர் ஏன் ஒரே விதமாக அடையாளமிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கே போகும் என்று தெரியாத தாளில் எந்த விற்பனையாளர் குறை எழுதுவார்? அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடுமானால் அந்த அளவை ஏற்கக் கூடாது என்று எங்கள் செய்முறை வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

நிற்பது எத்தகையது என்பதை நானும் கொஞ்சம் அறிவேன். சென்ற ஆண்டு தசராவுக்கு, இந்நகரத்து ஜவுளிக் கடை ஒன்றில், அப்பாவின் கடையில் அன்று, பதினெட்டு நாள் வேலை பார்த்தேன். கூட்டம் நெரியும் மாலை வேளைதான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. கூட்டத்தில் கால் நினைவுக்கே வருவதில்லை. நகர்கிறோம், எடுக்கிறோம், விரிக்கிறோம், மடிக்கிறோம். பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே வாடிக்கையாளர் எவரும் வராத வேளைதான் கொடுமை. எங்கள் மாடியில் பதினான்கு பெண்கள், மடித்த சேலைகளை மறுபடியும் மடித்துக்கொண்டு நின்றோம். அலமாரியில் சாயக் கூடாது. பேசக் கூடாது. மேலே காமிரா. சாய்ந்தால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். தண்ணீர் குடிக்கத் தடையில்லை. ஆனால் கழிப்பறை இரண்டு மாடிக்கு மேலே, போய் வந்தால் எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். ஆகவே மற்றப் பெண்களைப் பார்த்து நானும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். என்னுடன் நின்றவர்களில் கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர், தமிழர் என எல்லோரும் இருந்தோம். கால்வலிக்குத் தாய்மொழி கிடையாது.

எனக்கு அது பதினெட்டு நாள்; படிப்புக்குத் திரும்பிவிட்டேன். அவர்கள் இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், நாற்காலியின் தேவையைச் சட்டம் அறியாமல் இல்லை. 1948-இல் இந்தியா இயற்றிய தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர் அனைவர்க்கும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து இளைப்பாற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லிற்று. ஆலையில் துணி நெய்பவருக்குச் சட்டம் இருக்கை கொடுத்தது. அதே துணியைக் கடையில் விற்பவரை மறந்துவிட்டது! தமிழ்நாட்டில் கடை ஊழியர்க்கு அந்த உரிமை எப்போது கிடைத்தது தெரியுமா? 2021-இல். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. ஆலைக்கும் அங்காடிக்கும் நடுவே எழுபத்து மூன்று ஆண்டுகள்.

அதற்கு முன்பே, 2018-இல், கேரளம் அந்த வழியில் நடந்தது. அங்கே சட்டம் தானாக வரவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் அம்மையார், கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உண்டாக்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்த பெண்கள் வேறெதை முதலில் கேட்பார்கள்? அதன் பிறகே உட்காரும் உரிமை. ஆண்டுக் கணக்கில் போராடினார்கள். 2018-இல் பி.பி.சி. நிறுவனம் வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி அம்மையார் பெயரும் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் இந்தத் துயரத்தைப் பலருக்கும் காட்டியது ஒரு திரைப்படம். வசந்தபாலன் இயக்கி 2010-இல் வந்த ‘அங்காடித் தெரு’. சென்னை ரங்கநாதன் தெருவில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நின்று தேய்ந்த கதை அது. அப்பாவும் நானும் அதைத் தொலைக்காட்சியில் ஒன்றாகப் பார்த்தோம். பாதியில் எழுந்து போய்விட்டார். பிடிக்கவில்லையா என்றேன். “தெரிஞ்ச கதைதானே” என்றார்.

உலகம் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 1899-இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தர ஒரு தனிச் சட்டம் வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்றது. அறிவியற் கதைகளால் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ் 1881 முதல் இரண்டாண்டு சௌத்சீ என்னும் ஊரில் துணிக்கடைப் பயிற்சியாளராக நின்று, அந்த வாழ்வை வெறுத்து வெளியேறி, பின்னர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். துணிக்கடையிலிருந்து விலங்கியலுக்கு வந்தவர் என்ற முறையில் அவர்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு!

உட்கார்ந்தால் வாணிபம் கெடும் என்கிறார்கள். வாடிக்கையாளர் வரும்போது விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால் அது மதிப்புக் குறைவாம், சோம்பலின் அடையாளமாம். நம் நாட்டுத் துணி வாணிபம் எப்படி நடந்தது என்று அறிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பழைய ஜவுளிக் கடையில் வெள்ளை விரிப்பிட்ட மெத்தை இருக்கும், திண்டு இருக்கும். விற்பவர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். வாங்குபவரும் எதிரே அமர்வார். சேலை இருவர் மடிக்கும் நடுவே விரியும். பெங்களூர் சிக்பேட்டைப் பட்டுக் கடைகளிலும் காஞ்சிபுரத்திலும் இவ்வழக்கத்தை இன்றும் காணலாம். உட்கார்ந்து விற்றே தலைமுறை தலைமுறையாகப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஏன்? நம் தேவராச மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். மல்லிகைக் குவியலுக்கு நடுவே பூக்காரர் அமர்ந்துதான் பூ அளக்கிறார். அவரிடம் யாரேனும், “எழுந்து நின்று கொடு” என்று கேட்டதுண்டா? கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்த பிறகுதான் விற்பவரின் நிற்றல் ஒரு மரியாதை ஆயிற்று. நாமும் அதைக் கேள்வி கேட்காமல் பெற்றுக்கொள்கிறோம்.

இனி ஊக்கத்துக்கு வருகிறேன். நண்பரின் ஆய்வில் பெரும்பகுதி ‘இன்சென்டிவ்’ பற்றியது. இன்ன சரக்கு விற்றால் இவ்வளவு, மாத இலக்கைத் தாண்டினால் இவ்வளவு. பணம் வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில்தான் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார்கள். ஆனால் எந்தச் சரக்குக்கு அதிக இன்சென்டிவ் என்பதைக் கவனித்தீர்களா? நல்ல சேலை தானே விற்றுப்போகும், அதற்குக் குறைவு. தேங்கிக் கிடக்கும் சரக்குக்கு அதிகம். அதாவது வாங்குபவருக்கு எது பொருந்தாதோ அதை அவர் தலையில் கட்டினால் விற்பவருக்குப் பரிசு. சேலை மடிப்பவரின் மனத்திலும் ஒரு மடிப்பு அங்கே விழுகிறது. அதைத்தான் நான் மன அழுத்தம் என்பேன்.

அப்பா அடிக்கடி சொல்லும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஹாசன் பக்கத்து அம்மாள் ஒருவர் மகள் திருமணத்துக்குச் சேலை எடுக்க வந்தார். ஒரு சேலையைத் தடவிப் பார்த்து, “இது அசல் மைசூர் சில்க்தானே அண்ணா?” என்று கன்னடத்தில் கேட்டார். மைசூர் சில்க் என்ற பெயர் இந்த ஊரில் விளையாட்டில்லை. 1912-இல் மன்னர் காலத்தில் இங்கே பட்டு நெசவாலை தொடங்கிற்று. இன்று அரசுப் பட்டுத் தொழிற்கழகத்தின் கையில் இருக்கிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அப்பா கையில் இருந்ததோ வேறு ஊர் நெசவு. ‘ஆம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அப்பா சொன்னாராம்: “நல்ல பட்டுத்தாம்மா. ஆனா நீங்க கேக்கறது அந்த ஆலைச் சேலை. அது அவங்க கடையிலதான் கிடைக்கும்.” அம்மாள் எழுந்து போய்விட்டார். அருகே இருந்த மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதம் இன்சென்டிவ் இல்லை. அதைவிட, எல்லோர் முன்னும் ஏச்சு.

மறு ஆண்டு அந்த அம்மாள் உறவினர் பட்டாளத்துடன் வந்து, “அந்தத் தமிழ் அண்ணா எங்கே?” என்று தேடினாராம். அதற்குள் அப்பாவை வேட்டிப் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். விற்பனை முழுவதும் வேறொருவர் கணக்கில் ஏறியது. அப்பாவுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ‘பணி நிறைவு’ என்ற ஒன்று உலகத்தில் உண்டென்றால் அதை அப்போதுதான் நான் பார்த்திருக்கிறேன். ஐந்து கட்டங்களில் எதில் அதை அடைப்பது?

இவ்விடத்தில் அறிஞர் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். 1959-இல் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பர்க் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், தோழர் இருவருடன் சேர்ந்து, வேலையின் ஊக்கம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேலையில் மனிதனுக்கு வெறுப்பூட்டுபவை வேறு, நிறைவூட்டுபவை வேறு என்பது அவர் கொள்கை. ஊதியம், மேற்பார்வை, வேலைச் சூழல் இவை கெட்டால் வெறுப்பு வரும். சீரானால் வெறுப்பு நீங்கும், அவ்வளவே. நிறைவு வேண்டுமானால் செய்த வேலையில் தேர்ச்சி வேண்டும், அதைப் பிறர் அறிந்து மதிக்க வேண்டும், வேலையே பொருளுள்ளதாக இருக்க வேண்டும். ஹாசன் அம்மாள் கதையை அவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஹெர்ஸ்பர்க் பிட்ஸ்பர்க் நகரில் பேட்டி கண்டவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். எல்லோரும் பொறியாளர்கள், கணக்காளர்கள். நின்றுகொண்டே பேரேடு எழுதும் கணக்காளர் அவர்களில் எவரும் இருந்திருக்க மாட்டார்! நாற்காலி உள்ளவர்களிடம் கேட்டால் நாற்காலி சிறிய விஷயமாகத்தான் தெரியும்.

1983-இல் ஆர்லி ஹாக்சில்டு என்னும் சமூகவியல் அம்மையார் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியது இன்னும் நெருக்கமாக இருக்கிறது. சிரிப்பே வேலையாகிவிட்டால், அந்தச் சிரிப்பு யாருடையது என்று சிரிப்பவருக்கே தெரியாமல் போகிறது என்பது அவர் கருத்தின் சாரம். என் பதினெட்டு நாளில் நான் அதைக் கொஞ்சம் கண்டேன். பத்தாம் நாள் வீட்டில் அம்மாவைப் பார்த்து, “சொல்லுங்க மேடம்” என்று சொல்லிவிட்டேன். அம்மா சிரித்தாள், அப்பா சிரிக்கவில்லை.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது அழகன்று. கைப்பேசியில் சேலை வாங்கும் காலத்தில் வாடகை கொடுத்துக் கடை நடத்துவது எளிதில்லை. ஆனால் கைப்பேசியில் இல்லாத எது கடையில் இருக்கிறது? சரிகையைத் தேய்த்துப் பார்த்துச் சொல்லும் விரல், மணப்பெண்ணின் நிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும் என்று பார்த்தவுடன் அறியும் கண், தமிழும் கன்னடமும் உருதுவும் வயநாட்டிலிருந்து வருபவருக்கு வேண்டிய மலையாளமும் பேசும் நாக்கு. அந்த மனிதர்தான் கடையின் முதல். முதலைக் காப்பாற்றாத வாணிகம் உண்டா? ஒரு முக்காலியின் விலை, கடை வாயிலில் தொங்கும் தசரா விளக்கு மாலையின் விலைகூட இராது.

இது எங்கோ யாருக்கோ நடப்பது என்று எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல். நம் அறிவியற் பட்டதாரிகளில் எத்தனை பேர் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதியாகப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு இரண்டாண்டு மூத்தவர் ஒருவர், வகுப்பில் முதல் மாணவர், இன்று தோளில் பையும் இரு சக்கர வண்டியுமாய் நஞ்சன்கூடு வரை அலைகிறார். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நோயாளிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கிறார். மாதக் கடைசி வாரத்தில் அவரிடம் பேச முடியாது, இலக்கு. அத்தகையோருக்காகத்தான் 1976-இல் நாடாளுமன்றம் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் என்று தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. நாற்பத்திரண்டு கூற்றுகள் நாளை நம் கைக்கும் வரலாம்.

தமிழ்நாட்டுச் சட்டமும் கேரளச் சட்டமும் அவ்வம் மாநில எல்லைக்குள்தான் செல்லும். இங்கிருந்து திம்பம் பக்கம் போனால் ஒரு சட்டம், முத்தங்கா பக்கம் போனால் மற்றொரு சட்டம். அப்பா நிற்கும் கவுண்டர் இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. அரசுக்கு விண்ணப்பம் எழுதலாம். எழுத வேண்டியவர்கள் இந்த ஊர்த் தொழிலாளர் எல்லோரும் சேர்ந்து எழுதட்டும், நாமும் கையெழுத்திடுவோம். அதற்கு முன்னால் நம் கைக்கெட்டியது ஒன்று இருக்கிறது.

பொங்கல் விழாவுக்கு ஆறு பொன்னாடைகளும், கோலப் போட்டிப் பரிசுக்கு எட்டுச் சேலைகளும் வாங்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் சொன்னார். ஆண்டுதோறும் எங்கே தள்ளுபடி அதிகமோ அங்கே வாங்குகிறோம். இம்முறை, கவுண்டருக்குப் பின்னால் முக்காலி போட்டிருக்கும் கடையில் வாங்குவோம் என்று நான் முன்மொழிகிறேன். தள்ளுபடி சில நூறு ரூபாய் குறையலாம். சிறப்புப் பேச்சாளர் அதைக் கண்டுபிடிக்க மாட்டார். முக்காலி இல்லாத கடையில் ஏன் வாங்கவில்லை என்பதையும் முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவோம். ஆனால் ஊழியர் எவரையும் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அதில் கவனம் வேண்டும்.

நண்பர் தம் வினாத்தாளைத் திருத்திவிட்டார். இப்போது நாற்பத்து மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விக்குக் கட்டமே இல்லை: ‘நேற்றுக் கடையில் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள்? எதன்மேல்?’ இனிக் கடைக்குள் கொடுப்பதில்லை. ஊழியர் தேநீர் குடிக்கும் இடத்தில் கொடுத்து அங்கேயே வாங்கிக்கொள்கிறார். அப்பாவுக்கும் ஒரு தாள் கொண்டுவந்தார். அப்பா வெகு நேரம் யோசித்து எழுதினார்: ‘ஒரு முறை. சாப்பிடும்போது. துணி மூட்டை மேல்.’

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேவராச அரசு சாலைக் கடைகளில் தொடங்கி, சயாஜிராவ் சாலை வழியாக அசோகா சாலை வரை பார்த்து வரலாம் என்றிருக்கிறேன். உடன் வர விரும்புவோர் சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். நிறைய நடக்க வேண்டியிருக்கும்.